செல்வாக்கிழந்த தலைவருடன் நிற்பது விசுவாசமா, வெறியா?

தென்றல்:
கொழும்பில் 2022 மே 9 அன்று, அரசுக்கு எதிராகப் போராடியவர்களை ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் தாக்கியதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, ராஜபக்ச ஆதரவாளர்கள் எல்லோரும் வெறியர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு 52.25 சதவீத வாக்கு விழுந்தது. அத்தனை பேருமா கம்பைத் தூக்கிக்கொண்டு, போராட்டக்காரர்கள் இருந்த காலிமுகத்திடலுக்குப் போனார்கள்? பெட்ரோல் வரிசையில் கால் கடுக்க நின்ற பிறகும் கட்சியை விடாதவர்கள் இருந்தார்கள். பிடிவாதம் என்று சொல்லுங்கள், குற்றம் என்று சொல்லாதீர்கள்.

மணல்மேடு:
அன்று நடந்ததை வரிசையாகப் பாருங்கள். வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் ஆதரவாளர்கள் பிரதமரின் இல்லமான அலரி மாளிகைக்கு வந்தார்கள். பிரதமர் மகிந்த அவர்கள் முன் பேசினார். வெளியே வந்தவர்கள் வாசலில் இருந்த போராட்டக் கூடாரங்களைப் பிய்த்து எறிந்தார்கள், அப்புறம் காலிமுகத்திடலுக்குப் போய் அங்கிருந்தவர்களையும் அடித்தார்கள். கட்சிக் கூட்டம் முடிந்த கையோடு நடந்த வேலை இது. பிடிவாதம் என்று எப்படிச் சொல்வது?

தென்றல்:
சரி, அன்றைக்கே நிட்டம்புவவில் ஆளுங்கட்சி எம்.பி. அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டாரே? பல ஊர்களில் வீடுகள் எரிந்தனவே? அதற்கு மட்டும் மக்கள் கோபம் என்று பெயர்!

மணல்மேடு:
அதுவும் வெறிதான், கொலைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைக் காட்டி முதல் அடியை மறைக்க முடியாது.

நெடுவழி:
இருவரும் தொண்டர்களையே பார்க்கிறீர்கள், மேலே இருப்பவர்களையும் பாருங்கள். அமெரிக்காவில் அதிபர் நிக்சன் 1972 தேர்தலில் 50 மாநிலங்களில் 49ஐ வென்றவர். வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, 1974 ஆகஸ்டில் கேலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு மிஞ்சியது 24 சதவீத ஆதரவு. ஏறக்குறைய நாலில் ஒருவர் அப்போதும் அவர் பக்கம். ஆகஸ்ட் 7 அன்று அவருடைய குடியரசுக் கட்சியின் மூத்த தலைவர்கள் கோல்ட்வாட்டர், ஸ்காட், ரோட்ஸ் மூவரும் நேரில் போய், நாடாளுமன்றத்தில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் இரவே பதவி விலகலை அறிவித்தார். பெரியவர்கள் முகத்துக்கு நேரே உண்மையைச் சொன்னதால், தொண்டனைத் தெருவுக்கு இழுக்காமலே அது முடிந்தது. மே 9க்கு முன் அப்படிப் போய்ச் சொன்ன மூன்று பேர் இருந்தார்களா?

தென்றல்:
அந்தப் பெரியவர்களையும் ரொம்ப உயர்த்த வேண்டாம். ஜூலையில் நாடாளுமன்ற நீதிக் குழுவில் இருந்த 17 குடியரசுக் கட்சியினரில் 11 பேர், நிக்சனைப் பதவி நீக்குவதற்கான முதல் குற்றச்சாட்டை எதிர்த்தே வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று, விசாரணையைத் தடுக்க நிக்சன் பேசியது பதிவான ஒலிநாடாவின் எழுத்து வடிவம் வெளியான பிறகுதான் மாறினார்கள். ஆதாரம் கண்முன் வந்தால் கட்சிக்காரனும் மாறுவான். வெறியன் என்று நாலு பேர் முன் திட்டினால் அவன் இன்னும் இறுகித்தான் போவான்.

மணல்மேடு:
மாறினார்கள், உண்மைதான். ராஜபக்சக்களின் கட்சியான பொதுஜன பெரமுன 2020 நாடாளுமன்றத் தேர்தலில் 225 இடங்களில் 145 பிடித்தது, 2024இல் மூன்றே மூன்று. பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் வாக்கை மாற்றிவிட்டார்கள், அவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. நான் கேட்பது பேருந்தில் வந்தவர்களையும், அந்தப் பேருந்துகளை ஏற்பாடு செய்தவர்களையும் பற்றி. கட்சிமேல் உள்ள பற்றை அடியாள் வேலைக்குத் திருப்பிவிட்டவர்களை விட்டுவிட்டு, சாதாரண வாக்காளர் திட்டு வாங்குகிறார் என்று நீங்கள் எத்தனை நாள் வாதாடினாலும், அடிபட்டவர்களுக்கு அதில் ஒரு பதிலும் இல்லை.