50 மி.மீ.: ஸோனாரா, நாக்டனா? இதில் எது பழைய பாணி?

ஒற்றைக்கண்

லைக்கா எம் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) உள்ள ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் 35 மி.மீ., எஃப் 2.5 லென்ஸ் ஒன்றை வைத்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். வீட்டில் இப்போது பத்து மாதக் குழந்தை. ஜன்னல் வெளிச்சம் மங்கிய பிறகு 400 ஃபிலிமில் ஒன்றும் தேறவில்லை. அதனால் 50 மி.மீ.யில், இன்னும் பெரிதாகத் துளை திறந்து அதிக வெளிச்சம் வாங்கும் எஃப் 1.5 லென்ஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறேன்: ஸைஸ் ஸி ஸோனார், ஃபோக்ட்லேண்டர் நாக்டன் அஸ்ஃபெரிக்கல்.

ஸோனார் பழைய பாணி, நாக்டன் நவீனம் என்கிறார்கள். பார்வைக்கோ நாக்டன்தான் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருக்கிறது. ஸோனார் வழவழவென்று இன்று காலை செய்ததுபோல் இருக்கிறது. நான் தலைகீழாகப் புரிந்துகொண்டேனா? "குணம்", "மென்மை" என்றெல்லாம் சொல்கிறார்களே, அது படத்தில் கண்ணுக்குத் தெரியுமா? எடுப்பது கறுப்பு வெள்ளைதான். டிஜிட்டல் கேமரா கிடையாது.

இருட்டறை

நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். "பழைய பாணி" என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று மேலே போட்டிருக்கும் சட்டை. இன்னொன்று உள்ளே இருக்கும் கண்ணாடி. நாக்டனுக்குச் சட்டை மட்டும் பழையது; உள்ளே அஸ்ஃபெரிக்கல், அதாவது கோள வளைவு இல்லாத, கண்ணாடியோடு இன்றைய கணக்கு. ஸி ஸோனாருக்குச் சட்டை புதியது. உள்ளே இருப்பது 1930களில் லுட்விக் பெர்ட்டலே காண்டாக்ஸ் கேமராவுக்காகப் போட்ட கணக்கின் வாரிசு.

அந்தக் கணக்கு ஏன் அப்படி அமைந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். அப்போது லென்ஸுக்குப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு கிடையாது. பூச்சில்லாத கண்ணாடி, காற்றைத் தொடும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பரப்புகள் கூடக் கூடப் படம் சோகை பிடித்துவிடும். பெர்ட்டலே எஃப் 1.5 ஸோனாரில் ஏழு கண்ணாடிகளை ஒட்டி மூன்றே தொகுதிகளாக்கினார். காற்றைத் தொடுவது ஆறு பரப்புகள்தான். ஸைஸின் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா பூச்சு முறையைக் கண்டுபிடித்தது 1935இல். அதற்கு முன்பே ஒருவர் ஒட்டுப்பசையை வைத்துச் சமாளித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். ஆனால் அந்தச் சிக்கனத்துக்கு விலை உண்டு. கோளப் பிறழ்ச்சியை, அதாவது ஒளி முழுவதும் ஒரே இடத்தில் குவியாத குறையை, முழுதாகத் திருத்த முடியவில்லை. நீங்கள் கேட்கும் "மென்மை" அந்தத் திருத்தப்படாத மிச்சம்தான்.

அது கண்ணுக்குத் தெரியுமா? எஃப் 1.5இல் தெரியும். இமை மயிர் ஒவ்வொன்றும் இருக்கும். அதைச் சுற்றி, குளிர்ந்த கண்ணாடியில் மூச்சு பட்டது போல மெல்லிய ஒளி படர்ந்திருக்கும். எஃப் 4க்கு வந்தபின் எட்டுக்குப் பத்து அங்குல பிரிண்ட் இரண்டைப் பக்கத்தில் வைத்து எது எதில் எடுத்தது என்று கேட்டால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

என்னைக் கேட்டால் மென்மையைவிடப் பெரிய விஷயம் ஃபோகஸ் நகர்வு: துளையை மாற்றினால் கூர்மை விழும் இடமும் நகர்ந்துவிடும். நான் வைத்திருப்பதும் ஸோனார் குடும்பம்தான். யார் செய்த லென்ஸ் என்பது வேண்டாம், ஏனென்றால் தவறு முழுக்க என்னுடையது. என் அக்காவை ஒரு ரோல் முழுக்க எஃப் 2.8இல் எடுத்தேன், எஃப் 1.5ஐவிட அது பத்திரம் என்று நினைத்து. நெகட்டிவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் முப்பத்தாறிலும் காது ஊசிமுனை, கண்கள் களிம்பு. கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டர் பிசகிவிட்டது என்று முடிவுகட்டி, பழுது பார்ப்பவரிடம் கொடுத்து, "இந்த லென்ஸுக்கு ஏற்றபடி திருகிக் கொடுங்கள்" என்று அடம்பிடித்தேன். திருகிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னிடமிருந்த மற்ற இரண்டு லென்ஸ்களிலும் ஃபோகஸ் கெட்டுப்போயிற்று! பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னொரு நடை.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மேசைமேல் அளவுகோலைச் சாய்த்து வைத்து, ஒரு மீட்டரில் முக்காலி போட்டு, 15 என்ற கோட்டில் ஃபோகஸ் வைத்து, அதைத் தொடாமல் எஃப் 1.5, 2, 2.8, 4, 5.6 என்று ஐந்து ஃபிரேம். எஃப் 1.5இல் 15 கூர்மை. எஃப் 2.8இல் கூர்மை இரண்டு விரல் அகலம் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. எஃப் 5.6இல் ஃபோகஸ் ஆழம் விரிந்து குற்றத்தை மூடிவிட்டது.

காரணம் அந்தக் கோளப் பிறழ்ச்சிதான். லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவிவதில்லை. துளையைச் சிறிதாக்கினால் ஓரத்து ஒளி வெட்டுப்பட்டு, நடு ஒளியின் குவியம் மட்டும் மிஞ்சுகிறது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமராவில், படம் எடுக்கும் துளையிலேயே ஃபோகஸ் வைத்தால் இது தெரிந்துவிடும். ரேஞ்ச்ஃபைண்டரோ லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. லென்ஸின் பின்விளிம்பு உள்ளே ஓர் உருளையைத் தள்ள, அதை வைத்துத் தூரம் சொல்கிறது. துளை எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பாவம், அது பொய் சொல்லவில்லை.

பழைய ஸி ஸோனார் வாங்குவதானால் இன்னொன்று. எஃப் 2.8இல் ஃபோகஸ் சரியாக விழும்படி சரிபார்த்து அனுப்பப்பட்டவையும் உண்டு, எஃப் 1.5க்குச் சரிபார்க்கப்பட்டவையும் உண்டு. உங்கள் கைக்கு வருவது எது என்பதை அளவுகோல்தான் சொல்லும்.

திருகுமறை

இருட்டறை சாருக்கு வணக்கம். பழைய பாணி எதற்கு, பழையதையே வாங்கலாமே? லைக்கா திருகு மவுண்ட் லென்ஸை எம் மவுண்டுக்கு மாற்ற ஒரு மில்லிமீட்டர் தடிமன் வளையம் போதும். சோவியத் லென்ஸான ஜூப்பிட்டர் 8 அசல் ஸோனார் வழிதான். கேனனின் திருகு மவுண்ட் 50 மி.மீ. லென்ஸ்களும் அருமை. நான் அவற்றில்தான் எடுக்கிறேன், எந்தப் புதுக் கண்ணாடிமீதும் எனக்கு ஆசை வந்ததில்லை.

இருட்டறை

உங்களுக்கு ஆசை வராது, உங்களிடம் நல்ல பிரதிகள் இருக்கின்றன. பத்து மாதக் குழந்தையை வைத்திருப்பவரிடம் லென்ஸ் வேட்டைக்குப் போகச் சொல்வது நியாயமா? கேனன் 50 மி.மீ. எஃப் 1.8இன் உள்கண்ணாடியில் புகைமூட்டம் படிவது ஊரறிந்தது. ஜூப்பிட்டரில் பலவற்றின் கிட்டத்து ஃபோகஸ் லைக்கா வகைக் கேமராக்களோடு ஒத்துப்போவதில்லை. அப்படியும் பழையதுதான் வேண்டும் என்றால், துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும்.

ஒற்றைக்கண்

மிக்க நன்றி சார். ஒரு விஷயத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். குழந்தை ஓரிடத்தில் உட்கார்வதில்லை. கேமராவைப் பார்த்தாலே அதை நோக்கித் தவழ்ந்து வந்துவிடுகிறாள். ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் ஸோனார் சரிவருமா? மூக்கில் ஃபோகஸ் வைத்தால் கண் சரியாக வரும் என்று எங்கோ படித்தேன்.

இருட்டறை

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் பெர்ட்டலே புராணம் பாடியிருக்க மாட்டேன். ஸி ஸோனாரின் குறைந்தபட்சத் தூரம் 0.9 மீட்டர். நாக்டன் 0.7 வரை வரும். உங்கள் கதை அங்கேயே முடிந்தது: நாக்டன் வாங்குங்கள்.

மூக்குக் கணக்கு உண்மைதான். எஃப் 1.5க்குச் சரிபார்த்த ஸோனாரில் எஃப் 2.8 வைக்கும்போது நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் என் அக்கா ஆடாமல் உட்காருவார்.

நாக்டனிலும் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு மீட்டரில் எஃப் 1.5 வைத்தால் கூர்மையாக வரும் ஆழம் மூன்றரை சென்டிமீட்டர் அளவுதான். 0.7இல் அதிலும் பாதி. தவழும் குழந்தையை ஃபோகஸ் வளையத்தால் துரத்தாதீர்கள், தோற்றுப்போவீர்கள். ஒரு மீட்டரில் வளையத்தை வைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். அவள் வரட்டும். ஃபோகஸ் சேராதவரை வ்யூஃபைண்டரில் இரண்டாகத் தெரியும் அவள் கண் ஒன்றாகச் சேரும், அதற்கு ஒரு நொடி முன்பே விரல் அழுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். லென்ஸுக்கு ஒரு ஃபில்டர் போட்டுவிடுங்கள். எப்படியும் அடுத்த நொடி அவள் கை அதன் மேல்தான்.