எல்லைக்கு இப்பால் இருப்பவருக்குப் புத்தகம் அனுப்பும் கட்டணம் ஏன் இவ்வளவு கூடுதல்?

கொழிஞ்சாம்பாறை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் பேச்சும் படிப்பும் தமிழ்தான். துணி எடுப்பதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கோ, வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கோதான் போய் வருகிறோம். ஆனால் இணையத்தில் தமிழ்ப் புத்தகம் வாங்கும்போது மட்டும் நாங்கள் தொலைதூரத்து மக்களாகிவிடுகிறோம்.

சென்ற வாரம் ஒரு பதிப்பகத்தின் தளத்தில் 640 ரூபாய்க்கு மூன்று புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தேன். அனுப்பும் கட்டணம் தமிழ்நாட்டுக்குள் 60 ரூபாய் என்று போட்டிருந்தது. என் பின்கோடை இட்டவுடன் அது ‘பிற மாநிலம்’ என்று மாறி 140 ரூபாய் ஆகிவிட்டது. இதற்கு முன் ஒரு முறை அந்தக் கூடுதல் தொகையைக் கொடுத்தே வாங்கினேன். அப்போதும் கூரியர்காரர்கள் எங்கள் ஊருக்கு வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாலக்காட்டுக்குப் பேருந்தில் போய் நானே பொதியை வாங்கி வந்தேன். இந்தக் கட்டணம் எந்த அடிப்படையில் போடப்படுகிறது? எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வழி எது? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நகரிக்காரன்:

அம்மா, ஆந்திரத்தில் எங்கள் நிலையும் இதுதான். சென்னையிலிருந்து நகரி நூறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது; நாகர்கோவிலோ எழுநூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆனாலும் சென்னையில் கட்டப்படும் ஒரே பொதிக்கு நாகர்கோவில் வாசகர் குறைந்த கட்டணமும் நான் கூடுதல் கட்டணமும் கொடுக்கிறோம். பின்கோடின் முதல் இரண்டு எண்களை மட்டும் பார்த்து மாநிலத்தை முடிவு செய்யும்படி அந்தத் தளங்களை அமைத்திருக்கிறார்கள் என்பதே என் அனுமானம். உங்களுக்கு 67, எனக்கு 51. அதற்குமேல் தூரத்தை யாரும் பார்ப்பதில்லை.

நான் சில ஆண்டுகள் திருத்தணியில் இருக்கும் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து வாங்கினேன். கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் அவர்கள் வீட்டில் இல்லாத நாளில் பொதி திரும்பிப் போய்விடும். புத்தகத்தில் பக்கம் விட்டுப்போயிருந்தால் மாற்றி வாங்குவதற்குள் அக்காவுக்குத்தான் அலைச்சல். ஒவ்வொரு முறையும் உறவினரைத் தொந்தரவு செய்ய மனம் ஒப்பாததால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டேன்.

வேலந்தாவளம், பொதி கட்டும் பிரிவு:

நான் எல்லை ஊரிலிருந்து தினமும் கோயம்புத்தூருக்குச் சென்று ஒரு புத்தகக் கடையில் பொதி கட்டும் வேலை செய்பவன். எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைகள் பெரும்பாலும் ஏதாவது ஒரு கூரியர் நிறுவனத்தோடு மொத்தமாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்த ஒப்பந்தத்தில் ‘தமிழ்நாடு’, ‘பிற தென்மாநிலங்கள்’, ‘வட இந்தியா’ என்று மண்டலங்கள்தான் இருக்கும், கிலோமீட்டர் இருக்காது. தளத்தில் நீங்கள் பார்க்கும் தொகை அந்த மண்டலக் கணக்கிலிருந்து வருவது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்வார்கள். அதற்கும் உண்மையான எடைக்கும் நடுவே எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். மூன்று புத்தகங்கள் சேர்ந்து 1.2 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை 30, 25, 15 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் போட்டு மீதி இடத்தைக் காகிதத்தால் நிரப்பினால் கணக்கு 2.25 கிலோவுக்குப் போய்விடும். அதே புத்தகங்களை அட்டை வைத்து இறுக்கமாகச் சுற்றிக் கட்டினால் உண்மை எடையிலேயே நின்றுவிடும். எங்கள் கடையில் கைக்கு அகப்பட்ட பெட்டியில் போட்டு அனுப்பும் பழக்கத்தை நிறுத்துவதற்கு எனக்கு ஓராண்டு வாதாட வேண்டியிருந்தது. ஆகவே, புத்தகம் கேட்கும்போதே ‘பெட்டி வேண்டாம், அட்டை வைத்துச் சுற்றி அனுப்புங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

தேவிகுளம், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர்:

மேலே தம்பி சொன்னது கூரியருக்குப் பொருந்தும். அஞ்சலில் கணக்கு வேறு. விரைவு அஞ்சல், அதாவது ஸ்பீட் போஸ்ட், எடையையும் தூரத்தையும்தான் பார்க்கிறது. மாநில எல்லை அதற்குக் கணக்கே இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆவணக் கட்டணப்படி, 250 கிராமுக்கு மேல் 500 கிராம் வரையுள்ள உறைக்கு 200 கிலோமீட்டருக்குள் 70 ரூபாய். 501 முதல் 1000 கிலோமீட்டர் வரை 82 ரூபாய். இரண்டுக்கும் மேலே ஜி.எஸ்.டி. உண்டு. கோயம்புத்தூரிலிருந்து சேலத்துக்கு என்ன கட்டணமோ அதுதான் கொழிஞ்சாம்பாறைக்கும், ஏனென்றால் இரண்டும் 200 கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன.

புத்தகங்களுக்கென்றே முன்பு பதிவு நூல் அஞ்சல் இருந்தது. மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த தமிழ்ப் புத்தகக் கட்டுகளை நான் என் கையால் பிரித்து அனுப்பியிருக்கிறேன். 2024 டிசம்பரில் அந்தச் சேவையை நிறுத்தியபோது உண்மையிலேயே மனம் வருந்தினேன்; சிறிய பதிப்பகங்களுக்கும் மலைக்காட்டு வாசகர்களுக்கும் அதுவே கை கொடுத்து வந்தது. அதன் இடத்தில் 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை அதிகம் போனால் 100 ரூபாய், வரி தனி. பொதி எங்கே இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தரைவழியாகவே போவதால் தாமதமாகும். அவசரம் இல்லாதவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும், வணிக விளம்பரம் இருக்கக் கூடாது. எந்த வகை நூல் இதில் சேரும் என்பதை அனுப்புகிறவர் அஞ்சலகத்தில் ஒரு முறை கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

தபால்காரர் வராத ஊர் அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூரியர் எட்டாத தோட்டங்களுக்கும் கிளை அஞ்சலகம் வழியாகப் பொதி போய்ச் சேரும். அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு நான் அஞ்சலைத்தான் சொல்வேன்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி அந்தப் பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். தளத்தில் அந்த வசதி இல்லையென்றாலும், வங்கிக் கணக்கில் பணம் செலுத்திவிட்டால் ஞான் போஸ்ட்டில் அனுப்பித் தருவதாகப் பதில் எழுதினார்கள். கேட்டிருக்காவிட்டால் இந்த வழி எனக்குத் தெரிந்தே இருக்காது. 5 கிலோ வரை 100 ரூபாய்தான் என்பதால் பக்கத்து வீடுகள் நான்கையும் சேர்த்து ஒரே பொதியாக வாங்க முடிவு செய்திருக்கிறோம்; பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களும் அதில் உண்டு. இன்னும் ஒரு சந்தேகம்: முகவரியைத் தமிழில் எழுதச் சொல்லலாமா?

தேவிகுளம், அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர்:

தமிழில் எழுதுவதில் தவறில்லை, அம்மா. ஆனால் பொதி கேரளத்துக்குள் நுழைந்த பிறகு அதைப் பிரிக்கிறவர் மலையாளமோ ஆங்கிலமோ மட்டும் படிப்பவராக இருக்கலாம். எனவே ஊர்ப் பெயர், அஞ்சலகப் பெயர், மாவட்டம் மூன்றையும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். பின்கோடின் ஆறு எண்களும் தெளிவாக இருக்கட்டும். கைப்பேசி எண்ணைப் பொதியின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். உள்ளே வைக்கும் சீட்டில் மட்டும் எழுதினால் தபால்காரருக்குப் பயன்படாது. மழைக்காலம் என்றால் அட்டைக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் போடச் சொல்லிவிடுங்கள்.