36 வோல்ட் ஹப் மோட்டாருக்குக் கன்ட்ரோலர்: மாஸ்ஃபெட் எரிகிறது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
வணக்கம். பழைய மின்மிதிவண்டியிலிருந்து கழற்றிய 36 வோல்ட், 250 வாட் பிரஷ்லெஸ் ஹப் மோட்டாருக்கு நானே கன்ட்ரோலர் செய்து கற்க முயல்கிறேன். ஆர்டுயினோ ஊனோ, மூன்று ஐஆர்2101 கேட் டிரைவர் (மாஸ்ஃபெட்டை இயக்கும் சிப்), 55 வோல்ட் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்துக்கான மின்னணு சுவிட்ச்) ஆறு ஆகியவற்றைச் சேர்த்துப் பேட்டரியை இணைத்ததும் சக்கரம் ஒருமுறை உதறி நின்றது. ஒரே ஃபேஸின் (மோட்டாருக்குச் செல்லும் மூன்று மின்கம்பிகளில் ஒன்றின்) மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் எரிந்துவிட்டன. எந்த வரிசையில் கட்டினால் பிழை எங்கே என்று எனக்கே புலப்படும்?

மறுமொழி 1:
மேலும் கீழும் சேர்ந்து எரிந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மாஸ்ஃபெட் அணையச் சிறிது நேரம் பிடிக்கும். மேலது முழுதும் அணையுமுன் கீழது திறந்துகொண்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும். ஐஆர்2101 இதைத் தடுக்காது. ஐஆர்2103, ஐஆர்2104 டிரைவர்களில் சுமார் 520 நானோநொடி டெட் டைம் (இரு மாஸ்ஃபெட்டும் அணைந்திருக்கும் இடைவெளி) உள்ளேயே உண்டு. ஆகவே மோட்டாரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஃபேஸுக்கான இரண்டு மாஸ்ஃபெட்டை மட்டும் கட்டி, அரை ஆம்பியர் வரம்பு வைத்த 12 வோல்ட் பவர் சப்ளையில் ஒரு ரெசிஸ்டரைச் சுமையாகக் கொடுத்து, இரு கேட் அலைகளும் ஒரே நேரத்தில் உயரவில்லை என்பதை ஆஸிலோஸ்கோப்பில் உறுதிசெய்யுங்கள். 36 வோல்ட் பேட்டரி முழுதும் ஏறினால் 42 வோல்ட் காட்டும் என்பதால், 55 வோல்ட் மாஸ்ஃபெட்டை நான் நம்பமாட்டேன். 100 வோல்ட் வகையே நல்லது.

மறுமொழி 2:
அடுத்தது ஹால் சென்சார், அதாவது மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று காந்தப்புலத்தால் அறியும் உணரி. அதன் மூன்று சிக்னல் கம்பிகளுக்கும் 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் புல்-அப் ரெசிஸ்டர் கொடுத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, மூன்று கம்பிகளிலும் வரும் 0, 1 எண்களை வரிசையாக எழுதுங்கள். 120 பாகை அமைப்பில் ஆறு நிலைகளே வரும். 000, 111 வரக்கூடாது. கியர் வைத்த ஹப் என்றால் பின்னோக்கிச் சுற்றுங்கள், முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் அசையாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுற்றிப் பார்த்ததில் நான்கு நிலைகள்தாம் வந்தன, அவற்றுள் ஒன்று 111. பச்சைக் கம்பி கனெக்டருக்குள்ளேயே அறுந்திருந்தது. பற்றவைத்தபின் ஆறும் வருகின்றன. டெட் டைமை நிரலில் நான் வைக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஹால் இல்லாமலே ஓட்டுவதை இப்போதே முயலலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். ஹால் இல்லாதபோது நிலையைக் காட்டுவது எதிர்மின்னழுத்தம் (சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் மின்னழுத்தம்); நின்றிருக்கும் மோட்டாரில் அது எழாது. எனவே சென்சார் இல்லாத முறையில் முதலில் குருட்டாம்போக்கில் சுழற்றித்தான் பிடிக்க வேண்டும். அதே 12 வோல்ட்டில் ஹால் அட்டவணைப்படி (எந்த ஹால் நிலைக்கு எந்த மாஸ்ஃபெட் என்ற பட்டியல்) சக்கரம் உதறாமல் சுற்றட்டும். ஃபேஸ் கம்பிகளின் நிறம் ஹால் நிறத்தோடு பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். ஆறு விதமாகவும் மாற்றி இணைத்து, மின்னோட்டம் குறைவாகவும் ஓசையில்லாமலும் ஓடும் இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.