சிறு பிள்ளைகளின் எண்ணெய் வண்ண உருவப்படம்: சாயல் இருக்கிறது, வயது கூடித் தெரிகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரியவர்களின் உருவப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்து வருகிறேன். சிறு பிள்ளைகளை வரையச் சொல்லி ஒரு குடும்பம் வந்திருப்பது இதுவே முதல் முறை. ஐந்து வயது அக்காளும் இரண்டரை வயதுத் தம்பியும் திண்ணையில் அமர்ந்திருப்பது போல 24க்கு 30 அங்குலக் கேன்வாஸில் வேண்டும் என்றும், இரண்டு மாதம் கழித்து வரும் தாத்தாவின் மணிவிழாவுக்குள் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கைப்பேசியில் எடுத்துத் தந்த படங்களைப் பார்த்து, பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பில் அடிவண்ணம் முடித்துவிட்டேன். அக்காளின் முகம் நன்றாக அமைந்துவிட்டது. தம்பி மட்டும் பத்து வயதுப் பையனைப் போல இருக்கிறான். மூன்று முறை துடைத்துவிட்டு வரைந்தும் அதே முகம்தான் வருகிறது. இதனிடையே பிள்ளைகளின் தாயார், பல் தெரியச் சிரிக்கும்படியும், “நிறத்தைக் கொஞ்சம் தூக்கியும்” வரையச் சொல்கிறார். இரண்டுமே எனக்கு நெருடலாக இருக்கின்றன. பிள்ளைகளை வரைந்து பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். பெரியவர்களையே வரைந்து பழகிய கை, தானறியாமல் கண்களைத் தலையின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிடும். வளர்ந்தவர்களுக்கு அது சரி. இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கண்கள் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும், நெற்றி அகன்று, மூக்கும் முகவாயும் குறுகியிருக்கும். கருவிழி மட்டும் அந்த வயதிலேயே ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுவதால், சிறிய முகத்தில் அது பெரிதாகத் தெரியும். பிள்ளைக் கண்ணில் வெள்ளை குறைவாகத் தோன்றுவதும் அதனால்தான். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்து பாருங்கள், தவறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது நீங்கள் நம்பியிருக்கும் புகைப்படம். ஓரடி தூரத்தில் நீட்டிப் பிடித்த கைப்பேசி மூக்கைப் பெரிதாக்கிக் காதுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும்; மூக்கு பெருத்தால் வயதும் கூடிவிடும். நீங்களே அவர்கள் வீட்டுக்குச் சென்று, தரையில் அமர்ந்து, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கேமராவை வைத்து, ஆறேழு அடி தள்ளி, ஃபிளாஷ் இல்லாமல் சன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

கோடுகளையும் குறைத்துவிடுங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் கோட்டை ஒருமுறை அழுத்திப் போட்டாலே குழந்தை முகம் போய்விடும். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள, ஆங்கிலேய ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1756 வாக்கில் வரைந்த படத்தில், அவருடைய இரு மகள்கள் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள். உடைகள் முடிக்கப்படாமல் விடப்பட்ட அந்தப் படத்தில், கன்னம் எங்கே முடிந்து தாடை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு முகங்கள் மென்மையாக இருக்கின்றன. பல் தெரியும் சிரிப்பு வேண்டாம் என்று தாயாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அது ஒரு நொடியில் வந்து போவது, சுவரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது இறுகிவிடும்.

மறுமொழி 2

முன்னவர் சொன்ன அளவுகளோடு எனக்கு முழு உடன்பாடு. நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இருபது ஆண்டுகளாக இந்தக் கோரிக்கை என்னிடம் வராத வீடே இல்லை. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் படத்தின் முன் நின்று, தன்னுடைய நிறம் வீட்டாருக்குப் போதவில்லை என்று தெரிந்துகொள்ளக் கூடாது.

தொழில் முறையில் பார்த்தாலும் அது நட்டம்தான். டைட்டானியம் ஒயிட்டைக் கூட்டக் கூட, மாநிறத் தோல் சுண்ணாம்பு பூசியது போல வெளிறும். யெல்லோ ஓக்கர் மஞ்சளும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பும் அடிப்படையாக இருக்கட்டும், துளி அல்ட்ராமரின் நீலத்தால் தணியுங்கள், வெளிச்சம் ஊடுருவும் காதுமடலில் சற்றே கேட்மியம் சிவப்பு சேருங்கள். முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் பின்னணியை ஒரு படி இருட்டாக்கினால் போதும். கன்னச் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சன் வேண்டாம், அது ஒளியில் மங்கும். குவினாக்ரிடோன் சிவப்பு நிற்கும். இங்கிலாந்தின் ஓவியர் ரெனால்ட்ஸ் தம் காலத்துச் சாயச் சிவப்புகளை நம்பி வரைந்த பல முகங்கள் அவர் உயிரோடிருக்கும்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டன.

மறுமொழி 3

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலடுக்குகளில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுவீர்கள் என்பதால், இரண்டு மாதத்தில் படம் தொடுவதற்குக் காய்ந்திருக்குமே தவிர, வழக்கமான வார்னிஷ் பூசும் நிலைக்கு வந்திருக்காது. விழாவுக்கு அப்படியே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வீட்டுக்கே வந்து பூசித் தருவதாக இப்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளை அசையாமல் உட்காரப் போவதில்லை. பத்து நிமிடம் கிடைத்தால் அதில் நிறத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இரண்டு சிறுமிகள் காகித விளக்கேற்றும் புகழ்பெற்ற படத்துக்காக, ஓவியர் சார்ஜென்ட் 1885இல் மாலைதோறும் அந்திவெளிச்சம் நிற்கும் சில நிமிடங்கள் மட்டுமே வரைந்தார். வேலை மறு ஆண்டும் தொடர்ந்தது.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்று, பையன் முறுக்கு டப்பாவைத் திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த அரைமணி நேரமும் தரையிலேயே அமர்ந்திருந்தேன். வீடு திரும்பி அளந்தபோது, கண்களை ஒரு விரற்கடை உயரத்தில் வைத்திருந்தது தெரிந்தது. கத்தியால் சுரண்டிவிட்டுக் கீழே இறக்கினேன், மூக்கையும் குறுக்கினேன். அந்த மாலையே அவன் வயது திரும்பிவிட்டது.

நிறத்தைப் பற்றித் தாயாரிடம் வாதாடவில்லை. அங்கேயே வண்ணம் கலந்து, கத்தி நுனியில் எடுத்து, பையனின் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். கலவை எது, தோல் எது என்று பிரிக்க முடியவில்லை. அவர் சற்று நேரம் பேசாமல் பார்த்திருந்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். சிரிப்பைப் பற்றியும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. புறப்படும்போது, பையனின் இடது கன்னத்தில் பாதி கலைந்திருந்த திருஷ்டிப் பொட்டை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றார். கலைந்தபடியே அதை வைத்திருக்கிறேன்.