டீசல் ஃப்ளோ மீட்டர் கணக்கு தராசோடு ஒத்துவரவில்லை. வெப்பநிலைத் திருத்தம் போட்டால் இன்னும் விலகுகிறது

இன்ஜின்_பெஞ்ச் (கேள்வி):

வணக்கம். டெஸ்ட் பெஞ்சில் ஓடும் ஒரு டீசல் இன்ஜினின் எரிபொருள் செலவை கிலோ/மணியில் எடுக்க வேண்டும். ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு இதை நம்பித்தான் இருக்கிறது. இன்ஜினுக்கு டீசல் போகும் சப்ளை லைனில் ஒரு மீட்டர், எரியாமல் மிஞ்சியது திரும்பி வரும் ரிட்டர்ன் லைனில் ஒரு மீட்டர். இரண்டும் லிட்டர்தான் காட்டும்.

லோடு நிலையாக நின்றபிறகு சப்ளை 120 லிட்டர்/மணி, ரிட்டர்ன் 80. மிச்சம் 40. டீசலின் சோதனைச் சான்றிதழில் 15 டிகிரி செல்சியஸில் அடர்த்தி 840 கிலோ/கனமீட்டர் என்று இருக்கிறது. ஆக 40 × 0.840 = 33.6 கிலோ/மணி.

அதே லோடில் டே டேங்கை (இன்ஜினுக்கு டீசல் தரும் சிறு தொட்டி) தராசில் வைத்து எடை குறைவதைப் பார்த்தால் 34.8 வருகிறது. ரிட்டர்னும் அதே டேங்குக்குத்தான் போகிறது. தராசை எடைக்கற்கள் வைத்துச் சரிபார்த்தாயிற்று. சப்ளை டீசல் 35 டிகிரியில் இருப்பதால் அடர்த்தியை 826 என்று போட்டேன், விடை 33.0 ஆகிவிட்டது. திருத்தினால் நெருங்கித்தானே வர வேண்டும், ஏன் விலகுகிறது?

அளவியல்:

ரிட்டர்ன் லைனில் வெப்பநிலை எவ்வளவு? மீட்டருக்குள்ளேயே வெப்பநிலைத் திருத்தம் ஏதாவது ஓடுகிறதா? சில மீட்டர்கள் 15 டிகிரிக்கு மாற்றிய லிட்டரைத்தான் காட்டும். அப்படி இருந்தால் நாம் மறுபடி திருத்தக் கூடாது.

இன்ஜின்_பெஞ்ச்:

ரிட்டர்ன் 65 டிகிரி. மீட்டர் ஓடும் லிட்டருக்கு ஏற்ப வெறும் பல்ஸ் (மின்துடிப்பு) மட்டும் தருகிறது, திருத்தம் எதுவும் கிடையாது.

அளவியல்:

அப்படியானால் சிக்கல் கழித்தலில் இருக்கிறது. 35 டிகிரி லிட்டரிலிருந்து 65 டிகிரி லிட்டரைக் கழித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே அளவு டீசல் இல்லை. அதன்பிறகு எந்த அடர்த்தியால் பெருக்கினாலும் சரியாக வராது. முதலில் ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக நிறையாக்குங்கள், கழிப்பது கடைசியில்.

பெட்ரோலியப் பொருட்களின் வெப்பநிலைத் திருத்தத்துக்கான ஏ.எஸ்.டி.எம். டி1250 தரநிலை (அட்டவணை 54பி) முறைப்படி 840 அடர்த்தியுள்ள டீசலுக்கு விரிவுக் கெழு, அதாவது சூட்டில் கனஅளவு விரியும் விகிதம், டிகிரிக்கு சுமார் 0.00084. அதன்படி அடர்த்தி 35 டிகிரியில் 825.8, 65 டிகிரியில் 804.2.

சப்ளை: 120 × 0.8258 = 99.1 கிலோ/மணி
ரிட்டர்ன்: 80 × 0.8042 = 64.3 கிலோ/மணி
செலவு: 34.8 கிலோ/மணி

உங்கள் தராசு சொன்னதும் இதைத்தான்.

திருத்தம் ஏன் விலக்கியது என்றால், ரிட்டர்னில் 80 லிட்டராகத் தெரிவது 35 டிகிரிக்குக் குளிர்ந்தால் 77.9 லிட்டர்தான். உண்மையான மிச்சம் 42.1 லிட்டர், நீங்கள் எடுத்தது 40. அந்தக் குறைவை 840 என்ற கூடுதலான அடர்த்தி கொஞ்சம் மூடி வைத்திருந்தது. 826 போட்டதும் மூடி திறந்துவிட்டது, அவ்வளவுதான். அடர்த்தியை 35 டிகிரிக்கு மாற்றியதில் தப்பில்லை. அது ஒரு லைனுக்கு மட்டும் பொருந்தும்.

கையில் அட்டவணை இல்லாத நேரத்தில், டிகிரிக்கு 0.7 கிலோ/கனமீட்டர் குறையும் என்று வைத்துக்கொண்டால் போதும். 826, 805 வரும், விடை 34.7. பெட்ரோலுக்கு இந்த எண்ணை எடுத்துப் போடாதீர்கள், அது டீசலைவிட அதிகம் விரியும்.

பைப்லைன்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் இரண்டு மீட்டர் வைத்துக் கழிக்கும் அமைப்பில் நான் முதலில் பயப்படுவது மீட்டர் பிழைக்குத்தான். சப்ளை மீட்டர் 0.5 சதவீதம் தவறினால் 0.6 லிட்டர். 120-இல் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் 40-இல் 1.5 சதவீதம். ரிட்டர்ன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு இது பெருகும். இரண்டு மீட்டரையும் தொடராக மாட்டி, ஒரே டீசலை, ஒரே வெப்பநிலையில் ஓட விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். லிட்டருக்கு எத்தனை பல்ஸ் என்ற எண்ணை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சரிசெய்யலாம்.

அடுத்தது ரிட்டர்னில் வரும் குமிழி. கனஅளவு மீட்டருக்குக் காற்றும் டீசல்தான், அதையும் எண்ணிவிடும். ரிட்டர்ன் கூடுதலாகத் தெரியும், செலவு குறைவாகத் தெரியும். ரீடிங் துள்ளினால் சந்தேகப்படுங்கள். மீட்டருக்கு முன்னால் குமிழி பிரிப்பான் போடுவது நல்லது. வெப்பநிலை சென்சாரையும் மீட்டரை ஒட்டியே வையுங்கள். இன்ஜின் பக்கத்தில் வைத்தால் மீட்டருக்கு வரும் டீசலைவிடச் சூடாகக் காட்டும்.

இன்ஜின்_பெஞ்ச்:

மிக்க நன்றி. இரண்டு லைன்களையும் தனித்தனியாக நிறைக்கு மாற்றி வேறு லோடுகளிலும் பார்த்தேன். அதிக லோடில் தராசோடு ஒத்துப்போகிறது. குறைந்த லோடில் மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே நிற்கிறது.

பைப்லைன்:

எதிர்பார்த்ததுதான். குறைந்த லோடில் செலவு சிறிது, ரிட்டர்ன் பெரிது, மீட்டர் பிழை அங்கேதான் மேலே வரும். முதலில் அந்தத் தொடர் ஒப்பீட்டைச் செய்யுங்கள். அதற்குப் பிறகும் தேறவில்லை என்றால் லோடு குறைந்த இடங்களுக்குத் தராசையே வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நிறையை நேரடியாக அளக்கும் கோரியாலிஸ் மீட்டருக்குப் போங்கள்.

வாயு_இன்ஜின்:

இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் ஓடுவது மீத்தேன். இதே வழி பொருந்துமா?

அளவியல்:

வழி அதேதான், ஆனால் வாயுவுக்கு அழுத்தமும் சேர வேண்டும். டீசலில் சில பார் அழுத்தம் அடர்த்தியைச் சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட மாற்றாது. வாயுவில் அழுத்தம் இரட்டித்தால் அடர்த்தியும் ஏறக்குறைய இரட்டிக்கும். மீட்டர் காட்டும் கனமீட்டர் எந்த நிலைக்கு மாற்றப்பட்டது என்பதையும் பாருங்கள். மீத்தேனின் அடர்த்தி 0 டிகிரி, 101.325 கிலோபாஸ்கலில் 0.717 கிலோ/கனமீட்டர். அதே அழுத்தத்தில் 15 டிகிரிக்கு 0.680. மாற்றிப் போட்டால் 5 சதவீதத்துக்கு மேல் பிழை வரும்.