களனி கங்கைக் கரைக்கு ஆட்கள் தேவை

வணக்கம். கொழும்பில் மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் இருப்பவர்களிடம் ஓர் உதவி. அடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை, களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட அக்கம்பக்கத்துக் குடும்பங்களைக் கூட்டலாம் என்று இருக்கிறோம். குப்பை பொறுக்க ஒரு மணித்தியாலம் போதும். அப்புறம் பிள்ளைகள் தூண்டில் போடட்டும், பெரியவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைக்கட்டும். வெறும் சிரமதானம் என்றால் முதல் நாளோடு ஆட்கள் நின்றுவிடுவார்கள்; கரையில் இருக்கப் பிடித்தால்தான் திரும்பி வருவார்கள்.

கரையில் சிக்கிக் கிடப்பது பெரும்பாலும் சோறு சுற்றும் லஞ்ச் ஷீட், யோகட் கப், போத்தல் மூடி. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி இதே கங்கையிலிருந்து, அம்பத்தலையில் எடுக்கிறார்கள் என்றால் பலர் நம்புவதே இல்லை.

சிங்களத்திலும் தமிழிலும் நோட்டீஸ் எழுதித் தர ஒருவர் வேண்டும். தடித்த கையுறைகள் வேண்டும். முக்கியமாக, கரையோர மீனவர்களோடு பழக்கமுள்ள யாராவது. எங்கே சுழி, எங்கே பிள்ளைகளை இறக்கக் கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சேரும் குப்பையை மாநகர சபை லொறி அன்றே எடுக்க யாரிடம் கதைக்க வேண்டும்? முன்பு செய்தவர்கள் சொல்லுங்கள். மூட்டை கட்டிக் கரையில் வைத்துவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப ஆற்றுக்குள்தான்.