சிங்கவால் குரங்கா கருமந்தியா, எதுக்கு ஆபத்து ஜாஸ்தி?

தேயிலைக்காட்டான்:
வால்பாறை பக்கம் எங்க திரும்புனாலும் சிங்கவால் குரங்கு படம் தான், கருமந்திய, அதான் கருங்குரங்குன்னும் சொல்ற நீலகிரி மந்திய பத்தி யாராச்சும் வாய தொறக்குறீங்களா? இழுப்புக்கு நல்லதுன்னு கருங்குரங்கு லேகியம்னு சொல்லி எத்தனைய சுட்டு கொன்னாங்க, அதுக்கு கணக்கே கெடையாது. ரெண்டும் 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அதிக பாதுகாப்பு குடுக்குற முதல் அட்டவணை தான், ஆனா அக்கறை மட்டும் ஒண்ணு மேல.

சோலைமந்தி:
அண்ணே உங்க ஆதங்கம் நியாயம், ஆனா எண்ணிக்கைய பாருங்க. காட்டுல மிச்சம் இருக்குற சிங்கவால் 4000க்கும் கம்மி, அழியுற நிலைல இருக்குற உயிர்கள வகை பிரிக்கிற உலக செம்பட்டியல்ல அது அருகிய இனம், கருமந்தி அழிவாய்ப்பு இனம், அதாவது ஒரு படி பரவால்ல. கருமந்தி இலைய தின்னு நாள ஓட்டிரும், சிங்கவாலுக்கு வருஷம் பூரா பழம் வேணும், வெடிப்பலா அத்தி எல்லாம் இருக்குற மழைக்காடு வேணும். பொண்ணு மொத குட்டி போடவே பல வருஷம் ஆகுது, அடுத்தது வர ரெண்டு மூணு வருஷம் ஆயிடும், அப்படி இருக்க ரோட்டுல ஒண்ணு அடிபட்டாலே அந்த கூட்டம் எந்திரிக்க எவ்ளோ நாளாகும்?

வால்பாறை பக்கத்துல இருக்குற புதுத்தோட்டத்துல நானே பாத்தேன், தாய் ஒண்ணு வயித்துல குட்டிய ஒட்டிக்கிட்டு ரோட்டோரம் கெடந்த சிப்ஸ் கவர நக்கிட்டு இருந்துச்சு, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார், அது நகரவே இல்ல. மேல மரத்துக்கு மரம் பாலம் கட்டி விட்டுருக்காங்க, கீழ தீனி கெடைக்கிற வரைக்கும் அது எறங்கத்தான் செய்யும்.

தேயிலைக்காட்டான்:
அது கொடுமைதான் தங்கச்சி, இல்லேங்கல. ஆனா இலை தின்னு ஓட்டிரும்னு ஈஸியா சொல்லிட்டீங்க, அந்த இலைக்கு சோலை, அதான் மலைமேல இருக்குற காடு, வேணும்ல?

மலைநாடன்:
நடுவுல வர்றேன். சிங்கவால காப்பாத்துனா கருமந்தியும் தானா பொழைக்கும். கேரளால அமைதிப் பள்ளத்தாக்குல குந்திப்புழை ஆத்துக்கு குறுக்க அணை கட்ட பாத்தப்போ சிங்கவால முன்ன நிறுத்தித்தான் போராடுனாங்க, 1984ல தேசிய பூங்கா ஆச்சு, அங்க கருமந்தியும் நிம்மதியா இருக்கு.

தேயிலைக்காட்டான்:
அங்க சரி, ஊட்டி மேல்மலை சோலைக்கு என்ன சொல்வீங்க? 2000 மீட்டருக்கு மேல சிங்கவாலே கெடையாது, கருமந்தி மட்டும் தான். சுத்தி வெளிநாட்டுல இருந்து கொண்டாந்து நட்ட சீகை மரம், கற்பூர மரம் (யூகலிப்டஸ்), அப்புறம் தேயிலை, நடுவுல ஒரு துண்டு சோலை. விடியகாலைல அதுக்குள்ள இருந்து ஆண் மந்தி ஹூ ஹூன்னு குரல் கொடுக்கும், முன்ன எதுத்த சோலைல இருந்து பதில் குரல் வரும், போன தடவ நான் ஒரு மணி நேரம் நின்னேன், வரல. அந்த துண்டுக்காக எந்த குரங்க முன்ன நிறுத்துவீங்க?

சோலைமந்தி:
மேல்மலைய நான் யோசிக்கல அண்ணே, அது என் தப்பு. ஆனா இருக்குற காசு ஒரு எடத்துக்குத்தான் வரும்னா நான் இன்னும் சிங்கவாலுக்குத்தான் கேப்பேன். அந்த சோலை எதுன்னு சொல்லுங்க, அடுத்த மாசம் நானும் வர்றேன்.